குஸ்குஸ் சட்டியில் பிறந்த வெற்றி வாசல்

எங்கள் ஊர் ராஸ் மெல்ஹில் மேயருக்கு வாழ்க்கை வரலாறு உண்டு. தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவருக்குக்கூட உண்டு, அதை அவரே எழுதி அவரே காசு கொடுத்து அச்சடித்துக்கொண்டார். சுவர் பூசுகிற கெமாயிஸுக்கு எவன் எழுதுவான்? அதனால் நான் எழுதுகிறேன். என் பெயர் மொன்ஜி. கோட்டைக்கு நேர் எதிரே ‘வெற்றி வாசல்’ என்று ஒரு காப்பிக் கடை நடத்துகிறேன். பெயர் நன்றாக இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். அந்த வாசல் பொய். கெமாயிஸ் தன் கையால் பூசிய பொய். இந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய அத்தனை பேருக்கும் அது தெரியும், ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கோட்டை மட்டும் பொய்யில்லை. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால், சிசிலிப் பக்கமிருந்து கிழக்கு ரோமர்களின் கப்பல்கள் வந்து கரையோர ஊர்களைச் சூறையாடிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஆட்கள் கட்டியது. பகலில் தொழுகை, இரவில் காவல் என்று அங்கே ஆண்கள் குடியிருந்தார்கள். கோபுரத்தின் உச்சியில் தீ மூட்டினால் அடுத்த கோபுரத்துக்காரன் பார்ப்பான், அவன் மூட்டுவான். பொழுது விடிவதற்குள் சேதி கரை முழுவதும் ஓடிவிடும். இப்போது பக்கத்துத் தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் நகராட்சிக்குச் சேதி போக ஒரு மாதம் ஆகிறது. அதை விடுங்கள்.

அந்தக் கோட்டைக்கு உண்மையான வாசல் தெற்கே இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும், ஒரு சமயத்தில் ஒரு ஆள்தான் நுழைய முடியும். நுழைந்ததும் வழி வலப்பக்கம் மடங்கும். தலைக்கு மேலே ஒரு துவாரம், எதிரியின் மண்டையில் கல்லைப் போடுவதற்கு. கட்டியவனுக்கு மூளை இருந்தது. அந்த வாசலைப் பார்க்க ஒரு நாய்கூட வருவதில்லை. உண்மையாகவே நாய்தான் வரும், வேறு காரியத்துக்காக.

எழுபத்தெட்டில் இத்தாலிக்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள். ராஜா குதிரையில் கோட்டையிலிருந்து புறப்படுகிற காட்சி. எங்கள் வாசலில் குதிரை என்ன, கழுதையே குனிந்துதான் போகும். பெப்பினோ என்ற குண்டு மனிதன் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு கிழக்குச் சுவரில், திறப்பே இல்லாத முழுச் சுவரில், பெரிய வளைவும் மூடின கதவும் வைத்து ஒரு வாசலை ஒட்டச் சொன்னான். ராஜா அதன் முன்னாலிருந்து குதிரையைக் கிளப்பினால் போதுமாம். மரச்சட்டம் அடிக்க ஒருவன், பூச்சுக்குக் கெமாயிஸ். ஏணி பிடிக்கவும் தண்ணீர் சுமக்கவும் நான்.

“நாலு வாரம் நின்னாப் போதும்பா. அப்புறம் இடிஞ்சு விழுந்தாலும் எனக்குக் கவலையில்லை,” என்றான் பெப்பினோ.

அந்த ஒரு பேச்சுதான் கெமாயிஸுக்குப் பொறுக்கவில்லை. அவனுக்கு அப்போது முப்பது வயது, திமிர் அறுபது ஆளுக்கு இருந்தது. “நாலு வாரமா? நான் என்ன மணல்ல வீடு கட்டுறேனா?” என்று முறைத்தான். சட்டத்துக்குள்ளே அட்டையைத் திணிக்கச் சொன்னார்கள். இவன் கோட்டையிலிருந்து உதிர்ந்து கிடந்த கற்களைப் பொறுக்கி வந்து கெட்டியாக அடுக்கினான். ஒரு பூச்சு போதும் என்றார்கள். இவன் மூன்று பூச்சு பூசி, மேலே சலவைக்கல் மாவு கலந்து, ஆலிவ் சோப்பைப் போட்டுப் பளபளவென்று தேய்த்தான். முட்டாள். கூலி ஒன்றுதான், மூன்று மடங்கு வேலை செய்தான்.

வளைவைச் சுற்றிப் பூ வேலைப்பாடு வேண்டும் என்றான் பெப்பினோ. அச்சு கிடையாது. கெமாயிஸ் வீட்டுக்கு ஓடிப் போய், குஸ்குஸ் என்கிற கோதுமை ரவையை ஆவியில் அவிக்க அடியில் ஓட்டை போட்ட சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஈரப் பூச்சில் அதன் அடியை வைத்து அழுத்தி எடுத்தான். நடுவில் ஒரு புள்ளி, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு. பூ மாதிரியே இருந்தது. அப்படி இருபத்து நான்கு பூ குத்தினான். பின்னாலேயே அவன் மனைவி நெஸிஹா அண்ணி வந்து நின்று ஊரைக் கூட்டினாள்.

“என் சட்டி! எங்கம்மா சீதனமா குடுத்த சட்டி! யோவ், சுண்ணாம்பு ஒட்டின சட்டியில அவிச்சுத் தின்னுட்டுச் சாகவா சொல்றே?”

“கழுவித் தரேன்டி, கத்தாதே.”

“நல்லா இருக்குய்யா. சினிமாக்காரனுக்கு அரண்மனை, எனக்குக் கழுவின சட்டி!”

நான் ஏணியில் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அதுவும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

படக்காரர்கள் போனார்கள். வாசலைக் கழற்றிப் போட நகராட்சிக்குச் சோம்பல். ஒரு வருஷம் நின்றது, இரண்டு வருஷம் நின்றது. வெள்ளைக்காரப் பயணிகள் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். ‘வெற்றி வாசல்’ என்ற பெயரோடு தபால் அட்டையில் வந்தது. எங்கள் ஊர்க் கல்யாண ஜோடிகள் அதன் முன்னால் நின்று பல்லைக் காட்டாமல் கல்யாணமே முடியாது என்றாகிவிட்டது. கதவைத் திறந்தால் பின்னால் மொட்டைச் சுவர் என்பதால் நகராட்சி ஒரு பூட்டுப் போட்டு, ‘பாதுகாப்புக் கருதி அனுமதி இல்லை’ என்று பலகை மாட்டியது. என்ன ஒரு பாதுகாப்பு! நான் கடைக்குப் பெயர் மாற்றியதும் அந்தச் சமயத்தில்தான். வியாபாரம் என்றால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருபது வருஷம் கழித்துத் தலைநகரிலிருந்து டாக்டர் ஷெட்லி வந்தார். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, பழங்காலத்தைப் பார்க்கிற டாக்டர். படம் எடுத்த காலத்தில் அவர் பாரிஸில் படித்துக்கொண்டிருந்தாராம். பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு பூவாகப் பார்த்தார். புள்ளிகளை எண்ணினார். பத்தொன்பது. மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பிஸ்மில்லாஹ்னு தொடங்குற வாசகத்துல பத்தொன்பது எழுத்து! பாத்தீங்களா? எழுதப் படிக்கத் தெரியாத காவல்காரனும் கையால தடவி ஓதட்டும்னு பண்ணியிருக்காங்க!” என்றார். கண்ணில் தண்ணீர்.

கதவுக்குப் பின்னால் சுவர் இருப்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. முற்றுகைக் காலத்தில் எதிரி நுழையாமல் அடைத்துவிட்டார்களாம். புத்தகம் போட்டார். பள்ளிக்கூடப் பாடத்தில் வந்தது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து வந்து என் கடை வாசலில் நின்று ஒப்பிப்பார்கள். கெமாயிஸ் அதைக் கேட்டு முதலில் சிரித்தான். பத்து வருஷம் சிரித்துக்கொண்டேயிருந்தான். யாராவது பூவைத் தடவினால் என் காதில், “டேய், என் பொண்டாட்டி சட்டியைத் தடவுறான்டா,” என்பான். தொழில்காரனுக்கு அது ஒரு பெருமையாகவும் இருந்தது. மறைத்து என்ன?

அவன் சிரிப்பை நிறுத்தியது வடக்குச் சுவர். கடலைப் பார்த்த சுவர் அது. கட்டிய நாளிலிருந்து உப்புக் காற்றை வாங்கி வாங்கி அடிக்கற்கள் கரைந்து போய், நடுவில் கர்ப்பிணி வயிறு மாதிரிப் பிதுங்கிவிட்டது. அதன் காலடியில்தான் கெமாயிஸின் வீடு. அப்பன் பாட்டன் காலத்து வீடு. மழை பெய்தால் முற்றத்தில் கல் விழும். ஒரு தடவை துணி துவைத்துக்கொண்டிருந்த அண்ணியின் பக்கத்தில் தலையளவு கல் ஒன்று விழுந்தது. அண்ணி அதை உருட்டி வந்து நகராட்சிப் படியில் வைத்துவிட்டு, “உங்க சாமான் எங்க வீட்டுல கிடந்துச்சு,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மனு போட்டான், மறுபடி போட்டான். பூசுகிறவனுக்குச் சுவர் தெரியாதா? எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும், எங்கே தண்ணீர் வடிய ஓட்டை விட வேண்டும் என்று படம் வரைந்தே கொடுத்தான். பழங்காலச் சுவரைத் தொட உனக்கு அதிகாரம் இல்லை, தொட்டால் சிறை என்று பதில் வந்தது. வேறு வீட்டுக்குப் போக வழியுமில்லை. விழப்போகிற சுவரின் அடியில் இருக்கிற வீட்டை எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான்?

அப்புறம் ஒரு நாள் வெளிநாட்டு உதவி வந்தது, கோட்டையைப் பழுதுபார்க்க. கெமாயிஸ் என் கடையில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தான். “பொழைச்சோம்டா மொன்ஜி! வடக்குச் சுவரு நிக்கப் போவுது. உங்க அண்ணி இனிமே முற்றத்துல நிம்மதியா கொட்டாவி விடலாம்,” என்றான். மறு வாரம் முடிவு தெரிந்தது. உதவி முழுவதும் வெற்றி வாசலுக்கு. விளக்கு, சலவைக்கல் மேடை, நான்கு பாஷையில் பலகை. வடக்குச் சுவரில் பார்க்க ஒன்றுமில்லையாம்.

டாக்டர் ஷெட்லி, மேயர், இன்னும் நாலு கோட்டுக்காரர்கள் என் கடையில்தான் உட்கார்ந்து பேசினார்கள். கெமாயிஸ் நேராக உள்ளே வந்தான். கையில் அந்தச் சட்டி. என் சமையலறையிலிருந்து ஒரு கை மாவை எடுத்து மேஜையில் தட்டி, சட்டியை வைத்து அழுத்தித் தூக்கினான்.

“எண்ணுங்க சார். பத்தொன்பது. உங்க வாசல் நான் பூசினது. எழுபத்தெட்டுல, சினிமாவுக்காக. இதான் அச்சு. அந்தக் காசை வடக்குச் சுவருக்குக் குடுங்க, என் வீடு அதுக்குக் கீழ இருக்கு.”

டாக்டர் குனிந்து மாவைப் பார்த்தார். புள்ளிகளை எண்ணினார். பிறகு எழுந்து கெமாயிஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“அற்புதம்! ஆயிரத்து இருநூறு வருஷமா இந்த ஊர்ப் பெண்கள் சட்டியில அந்த வாசல் பூவைக் காப்பாத்தி வச்சிருக்காங்க! எழுதிக்குங்க, எழுதிக்குங்க!” என்று பக்கத்திலிருந்தவரிடம் கத்தினார்.

கோட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். படித்த மனிதனின் அறிவுக்கு எல்லையே கிடையாது, தூ! கெமாயிஸ் என்னைப் பார்த்தான். “சொல்லேன்டா மொன்ஜி. நீதானே ஏணி புடிச்சே,” என்றான். நான் குனிந்து கோப்பை கழுவினேன். அன்றைக்குக் கடையில் கூட்டம், பேச நேரமில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, ஊர் பார்க்க, கெமாயிஸ் சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலில் ஏணி வைத்து ஏறினான். உள்ளே இத்தாலிக்காரனின் மரச்சட்டம் இருக்கிறது, அதைக் காட்டினால் எல்லோர் வாயும் அடைத்துவிடும் என்பது அவன் கணக்கு. ஒரு பூவை உடைத்தான். இரண்டாவது பூவை உடைப்பதற்குள் காவலர்கள் காலைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். உடைந்த இடத்தில் மரம் தெரியவில்லை. கல் தெரிந்தது. இவன் திமிரில் பொறுக்கி அடுக்கினானே, அந்தக் கோட்டைக் கல்தான். டாக்டர் அதில் ஒரு சில்லை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். கோட்டை கட்டிய காலத்துக் கல் என்றே சான்றிதழ் வந்தது. சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒன்றிரண்டு கோட்டுக்காரர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

புராதனச் சின்னத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு. ஊருக்கே தெரியும் என்றாலும் கூண்டில் ஏற எவனும் தயாரில்லை; கூட வேலை செய்தவர்களில் கெமாயிஸுக்கு ஒரே சாட்சி நான். மரச்சட்டம் அடித்தவன் செத்துவிட்டான், பெப்பினோ எங்கே என்று யாருக்கும் தெரியாது. வழக்குக்கு முந்தின நாள் நெஸிஹா அண்ணி கடைக்கு வந்தாள்.

“தம்பி, நீ ஒண்ணும் பெருசா பேச வேணாம். பாத்ததைச் சொல்லு. அந்த மனுஷன் வெளிய வரதுகூட அப்புறம். அது பொய்னு எழுதிட்டாங்கன்னா அந்தக் காசு சுவருக்கு வரும். நான் ராத்திரியில தூங்கி மூணு வருஷமாச்சு.”

“சொல்றேன் அண்ணி,” என்றேன்.

அன்று மாலை மேயர் வந்தார். சலவைக்கல் மேடை என் கடை வாசல் வரை வரும் என்றார். பயணிகள் பேருந்து இனி இங்கேதான் நிற்கும் என்றார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது கிடைத்திருக்கும். அவர் காப்பி குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார், போய்விட்டார்.

நீதிபதி கேட்டார், “எழுபத்தெட்டுல இந்த வாசலைக் கட்டினப்போ நீ கூட இருந்தியா?”

“ரொம்ப வருஷம் ஆச்சுங்க ஐயா. ஞாபகம் இல்லை,” என்றேன்.

மேயரைப் பற்றியும் டாக்டரைப் பற்றியும் இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசினேனே, பொய்யில் அவர்கள் எல்லாம் என் கால் தூசி. அவர்களுக்கு உண்மை தெரியாது, அல்லது பாதிதான் தெரியும். எனக்கு முழுதும் தெரியும். அண்ணி பின்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெமாயிஸ் பார்க்கவில்லை. நான்கு மாதம் போட்டார்கள்.

சிறை நாற்பது கிலோமீட்டர் தள்ளி. கைதிக்கு வீட்டிலிருந்து கூடை கொண்டுபோவது எங்கள் வழக்கம். சிறைச் சாப்பாட்டை நம்பி எந்தப் பெண்ணும் புருஷனை விட்டுவிட மாட்டாள், அவன் எவ்வளவு பெரிய திருடனாக இருந்தாலும். செவ்வாய்க்கிழமை கூடை நாள். விடியற்காலையிலேயே அண்ணி குழம்பு, ரொட்டி, மிளகாய் விழுது, துவைத்த துணி எல்லாவற்றையும் பனையோலைக் கூடையில் அடைத்துக்கொண்டு, வாடகைக் காரில் பத்தோடு பதினொன்றாக ஏறி என் கடையைத் தாண்டிப் போவாள். என் பக்கம் திரும்ப மாட்டாள்.

ஜனவரியில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் நான் கடையைத் திறந்ததே தாமதமாகத்தான். காலை ஒன்பது மணிக்கு ஒரு சத்தம் கேட்டது. என் கடையில் கோப்பைகள் எல்லாம் குலுங்கின. வடக்குச் சுவர் மொத்தமாக விழுந்திருந்தது. ஆயிரத்து இருநூறு வருஷம் கடலையும் கப்பல்களையும் தாங்கிய சுவர், எங்கள் நகராட்சியைத் தாங்க முடியாமல் விழுந்தது. கெமாயிஸின் வீடு இருந்த இடத்தில் கல்லும் சேறும்தான். அண்ணியின் சமையலறை மேல் ஒரு முழுக் கொத்தளம் கிடந்தது.

நான் தோண்டினேன். மண்வெட்டி தேடப் பொறுமை இல்லை, கையாலேயே தோண்டினேன். “அண்ணி! அண்ணி! குரல் குடுங்க அண்ணி!” என்று கத்தினேன். நகம் பெயர்ந்தது. இன்னும் ஐந்தாறு பேர் சேர்ந்துகொண்டார்கள். கட்டிலின் கால் ஒன்று கிடைத்தது. அந்தச் சட்டியும் கிடைத்தது, தட்டையாக. இனி உடம்புதான் கிடைக்கும் என்று ஒருவன் சொன்னான், அவனை அறைந்தேன். மழையில் அழுகிறோமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, அதனால் நன்றாகவே அழுதேன். என்ன கிழமை என்று எவனுக்கும் தோன்றவில்லை.

மதியத்துக்கு மேல் தெரு முனையில் வாடகைக் கார் நின்றது. நெஸிஹா அண்ணி காலிக் கூடையோடு இறங்கி வந்தாள். கல்மேட்டைப் பார்த்தாள். என் கையில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தாள்.

“யாருக்குத் தோண்டுறே மொன்ஜி? நான் இங்கதான் இருக்கேன்,” என்றாள்.

காலிக் கூடையோடு அப்படியே திரும்பி நடந்தாள். தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். விழுந்தது பிற்காலத்தில் ஒட்டிய சுவர், முக்கியத்துவம் இல்லாதது என்று டாக்டர் ஷெட்லி பத்திரிகையில் சொன்னார். வெற்றி வாசல் விளக்குகளோடு கம்பீரமாக நின்றது.

தண்டனை முடிந்து கெமாயிஸ் வந்தான். நேராக என் கடைக்குத்தான் வந்தான். தாடி நரைத்திருந்தது. அடிக்கட்டும், வாங்கிக்கொள்வோம் என்று மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காப்பி கேட்டான். கொடுத்தேன்.

“ஜெயில்ல யோசிக்க நேரம் நிறைய இருந்துச்சுடா,” என்றான். “நீ கோர்ட்ல உள்ளதைச் சொல்லியிருந்தா என்னை விட்டிருப்பாங்க. ஆனா சுவரு கட்டுறதுக்கு இவனுங்க அஞ்சு வருஷம் கூட்டம் போட்டிருப்பானுங்க. அந்த மழைக்கு அது விழுந்துதான் இருக்கும். காலையில ஒன்பது மணிக்கு நானும் அவளும் அந்தச் சமையல்கட்டுலதான் டீ குடிச்சுக்கிட்டு இருப்போம். நீ என்னை உள்ள தள்ளினே, அவ கூடையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தா. அவளைக் காப்பாத்தினது நீதான்.”

கேலி செய்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. உண்மையாகவே கணக்குப் போட்டுப் பார்த்து, கடன்பட்டவன் மாதிரி வந்து உட்கார்ந்திருந்தான். “நன்றிடா,” என்றான். என் வாழ்நாளில் எவனும் என்னை அப்படி அடித்ததில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்து மேஜைகளில் ஆட்கள் இருந்தார்கள், இருக்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். “அண்ணே, அந்த வாசல் நீங்க கட்டினது. ஏணி புடிச்சது நான். தண்ணி சுமந்தது நான். எல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

கெமாயிஸ் கோப்பையைக் கீழே வைத்தான்.

“எனக்குத் தெரியாதா?” என்றான். “என்கிட்ட எதுக்குடா சொல்றே?”